மறையும் பெட்டியை யார் பிடித்து வைத்திருப்பது?

மெயில் ஆப்பில் ஒரு கடிதத்தை விரலால் இடப்பக்கம் தள்ளுகிறீர்கள். அந்த வரி வழுக்கிக்கொண்டு வெளியே போகிறது. கீழே இருந்த வரிகள் மேலேறி அந்த இடத்தை நிரப்புகின்றன. எல்லாம் சேர்ந்து அரை விநாடிகூட ஆகாது. பார்க்க அழகாக இருப்பதைத் தவிர இதில் வேறு என்ன பயன் என்று தோன்றலாம். அனிமேஷனை எடுத்துவிட்டுப் பாருங்கள், தெரியும். வரிகள் எல்லாம் ஒரே உயரம், ஒரே மாதிரி எழுத்து. நான்காவது வரி போன கணத்திலேயே ஐந்தாவது வரி அங்கே வந்து உட்கார்ந்துவிடும். எதுவுமே நடக்காதது போலவும் இருக்கும், எல்லாமே மாறிவிட்டது போலவும் இருக்கும். போனது நான் தள்ளிய கடிதம்தானா? இன்னொரு தடவை தள்ளணுமா?

இந்தக் குழப்பம் நம் கண்ணின் வேலை முறையிலேயே இருக்கிறது. 1997இல் ரொனால்ட் ரென்சிங்க், கெவின் ஓ'ரீகன், ஜேம்ஸ் கிளார்க் என்ற மூன்று ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு புகைப்படத்தையும், அதிலேயே ஒரு பொருளை மட்டும் மாற்றிய இன்னொன்றையும் மாற்றி மாற்றிக் காட்டினார்கள். நடுவில் 80 மில்லி விநாடிக்கு வெற்றுத் திரை. அவ்வளவுதான். பெரிய மாற்றங்களைக்கூடக் கண்டுபிடிக்கப் பார்த்தவர்களுக்கு நெடுநேரம் பிடித்தது. வெற்றுத் திரையை எடுத்துவிட்டால் மாற்றம் உடனே கண்ணில் பட்டது. காரணம் எளிது. ஓர் இடத்தில் மட்டும் ஏதாவது அசைந்தால் கண் அங்கே ஓடும். திரை முழுவதும் ஒரே நேரத்தில் சிமிட்டினால் எங்கே ஓடுவது என்று அதற்குத் தெரியாது. பட்டியலில் ஒரு வரி போய், கீழே உள்ள எல்லா வரிகளும் ஒரே கணத்தில் இடம் மாறும்போதும் நடப்பது இதுவேதான்.

கணினித் திரையில் இதற்கு மருந்து அனிமேஷன்தான் என்று அதற்கு முன்பே சிலர் சொல்லியிருந்தார்கள். செல்ஃப் என்ற நிரல் மொழிக்கு இடைமுகம் உருவாக்கிக்கொண்டிருந்த பே-வெய் சாங், டேவிட் அங்கர் இருவரும் 1993இல் எழுதிய கட்டுரை அவற்றில் முக்கியமானது. கார்ட்டூன் படக்காரர்களிடமிருந்து கற்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். ஒரு பொருள் திடீரென்று முளைக்கக் கூடாது. எங்கிருந்தோ வரவேண்டும், எங்கோ போகவேண்டும். கிளம்பும்போதும் நிற்கும்போதும் வேகம் மெல்ல மாற வேண்டும்.

ஆக, யோசனைக்கு முப்பது வயதுக்கு மேல் ஆகிறது. இன்று மொபைல் ஆப் எழுதுகிற யாரைக் கேட்டாலும் ஒரு பெட்டியைத் திரையில் கொண்டுவருவது பத்து நிமிட வேலை என்பார்கள். அதையே மறைய வைக்கச் சொல்லுங்கள், முகம் மாறும். வருகையைத் தலைகீழாக ஓட்டினால் போதுமே என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றும். ஆனால் வரும் பெட்டி நிரலுக்குள் ஏற்கெனவே இருக்கிறது, அதைக் காட்டினால் போதும். போகும் பெட்டியோ நிரலைப் பொறுத்தவரை அந்தக் கணமே இல்லாமல் போய்விட்டது. இல்லாத ஒன்றை இன்னும் 200 மில்லி விநாடிக்குத் திரையில் யாராவது பிடித்து வைத்திருக்க வேண்டும். யார் பிடிப்பது என்பதற்கு, ஆப் எழுத உதவும் ஒவ்வொரு தலைமுறை மென்பொருள் கருவியும் ஒவ்வொரு விடை சொல்லியிருக்கிறது.

பழைய ஆண்ட்ராய்டு முறையிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் சிக்கல் அங்கேதான் அப்பட்டமாகத் தெரியும். ஒரு பட்டனோ பெட்டியோ மூன்று நிலைகளில் இருக்கலாம். விசிபிள் என்றால் தெரியும். இன்விசிபிள் என்றால் தெரியாது, ஆனால் இடம் பிடித்திருக்கும். சினிமா தியேட்டரில் கைக்குட்டை போட்டு வைத்த சீட் மாதிரி. கான் என்றால் ஆளும் இல்லை, இடமும் இல்லை. இந்த மூன்றுக்கும் நடுவில் எதுவும் கிடையாது. பாதி கான் என்று ஒரு நிலை இல்லாததால், மெல்ல மறைய வைக்க வேண்டுமென்றால் பெட்டியின் ஒளிபுகாத்தன்மையை ஒன்றிலிருந்து பூஜ்யத்துக்கு இறக்கிக்கொண்டே வந்து, அனிமேஷன் முடிந்ததும் கான் ஆக்க வேண்டும். 'முடிந்ததும்' என்ற அந்த ஒரு சொல்லுக்குள்தான் வம்பெல்லாம் இருக்கிறது.

முடிவதற்குள் பயனர் மனம் மாறி, பெட்டியைத் திரும்ப வரச்சொல்லி அழுத்தினால்? வரும் அனிமேஷன் தொடங்கிவிடும். ஆனால் போகும் அனிமேஷனோடு கட்டிவைத்த 'முடிந்ததும் கான் ஆக்கு' என்ற கட்டளை இன்னும் காத்துக்கொண்டிருக்கலாம். அனிமேஷனை ஓட்டும் ஆண்ட்ராய்டின் அனிமேட்டரை நடுவில் ரத்து செய்தால், ரத்தானது என்ற செய்தி முதலில் வரும். அதன் பின்னாலேயே முடிந்தது என்ற செய்தியும் வரும். இதை அறியாமல் எழுதிய நிரலில், பயனர் திறந்த பெட்டி பட்டென்று மூடிக்கொள்ளும். அதே ஆண்ட்ராய்டில் இன்னொரு சுருக்கமான முறை இருக்கிறது. அதில் முடிவுக்கட்டளையாகக் கொடுத்தது ரத்தானால் ஓடவே ஓடாது. அப்போது எதிர்ப்பக்கச் சிக்கல்: கண்ணுக்குத் தெரியாத பெட்டி கான் ஆகாமல் அங்கேயே இடம் பிடித்துக்கொண்டு நிற்கும். ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸின் 4ஆம் பதிப்பு வந்த 2010 முதல் ஆப்பிள் கொடுத்த முறையில் முடிவுச் செய்தியோடு, உண்மையிலேயே முடிந்ததா இல்லை நடுவில் வெட்டுப்பட்டதா என்ற விவரமும் வரும். அதைப் பார்க்காமலே நிரல் எழுதுபவர்கள்தான் அதிகம் என்று என் அனுபவத்தில் சொல்வேன். நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தவன்தான்.

தொடுதல் இன்னொரு குழி. 2011இல் ஆண்ட்ராய்டு 3.0 வரும்வரை இருந்த அனிமேஷன் முறை, பெட்டியை வேறிடத்தில் வரைந்து காட்டும். பெட்டியோ பழைய இடத்திலேயே இருக்கும். பட்டன் வலப்பக்கம் நகர்ந்துபோய் நிற்பதாகக் கண் சொல்லும், அதை அழுத்தினால் ஒன்றும் நடக்காது. வெறுமையாகத் தெரிகிற பழைய இடத்தில் அழுத்தினால் வேலை செய்யும்! 3.0இல் வந்த புதிய முறை பெட்டியின் பண்புகளையே மாற்றியதால் இந்தக் கூத்து ஒழிந்தது. ஆனால் ஒளிபுகாத்தன்மை பூஜ்யமான ஒரு பட்டன் ஆண்ட்ராய்டில் இன்றும் தொடுதலை வாங்கிக்கொள்ளும். ஐஓஎஸில் 0.01க்குக் கீழே போனால் வாங்காது. இரண்டு தளத்துக்கும் ஆப் எழுதும் குழுக்களில் 'அங்கே சரியா இருக்கு, இங்கே மட்டும் என்ன?' என்ற பஞ்சாயத்து பலமுறை இங்கிருந்துதான் கிளம்பும்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு மளிகை ஆர்டர் ஆப்பில் நடந்தது இது. வாடிக்கையாளர் ஒருவர் கோபமாகப் புகார் அனுப்பியிருந்தார்: 'உளுந்தை மட்டும்தான் எடுத்தேன், வெல்லமும் சேர்ந்து போயிடுச்சு.' எங்கள் யாருக்கும் அது நடக்கவில்லை. இரண்டு நாள் தேடியபின் பிடிபட்டது. கூடையில் ஒவ்வொரு வரியிலும் நீக்கு என்று ஒரு பட்டன். அதை அழுத்தினால் வரி 300 மில்லி விநாடியில் மங்கி மறையும். தரவிலிருந்து உளுந்து அழுத்திய கணமே போய்விட்டது. திரையில் மட்டும் அதன் ஆவி மங்கிக்கொண்டிருந்தது, ஆவியின் பட்டன் உயிரோடு இருந்தது. அந்தப் பட்டனுக்குத் தன்னைப் பற்றித் தெரிந்ததெல்லாம் 'நான் மூன்றாவது வரி' என்பதுதான். அவசரக்காரர் இரண்டாம் முறை தட்டினார். மூன்றாவது வரியை நீக்கு என்றது ஆவி. தரவில் இப்போது மூன்றாவதாக இருந்தது வெல்லம். நாங்கள் மெதுவாக, ஒரே ஒருமுறை அழுத்திச் சோதித்துக்கொண்டிருந்தோம். கடைக்குக் கிளம்பும் அவசரத்தில் யாரும் அப்படி அழுத்துவதில்லை. மறைவு தொடங்கும் முதல் கணத்திலேயே தொடுதலை அணைத்தோம், வரி எண்ணுக்குப் பதிலாகப் பொருளின் அடையாள எண்ணை வைத்து நீக்கினோம். இரண்டும் சேர்த்து நாலு வரி நிரல்.

சரி, அந்த ஆவியைப் பிடித்து வைக்கும் பொறுப்பை ஆப் எழுதுபவரிடமிருந்து கருவியே எடுத்துக்கொண்டால் என்ன? ஆண்ட்ராய்டு 3.0இலேயே அதற்கு ஒரு வழி வந்துவிட்டது. பெட்டிகளை அடுக்கும் லேஅவுட்டில் ஒரே ஒரு குறிப்பு எழுதினால் போதும். அதனுள் எதைச் சேர்த்தாலும் நீக்கினாலும் தானாக அனிமேஷன் ஓடும். அதன் வரிசை முறை கவனிக்கத்தக்கது. புதிதாக ஒன்று வரும்போது, முதலில் மற்றவை விலகி இடம் விடும், அப்புறம்தான் புதியது தெளிந்து வரும். போகும்போது, முதலில் போவது மங்கும், அப்புறம்தான் மற்றவை நெருங்கி வரும். பேருந்து இருக்கையில் நகர்ந்து இடம் கொடுப்பது போலத்தான். தர்க்கம் சரி, ஆனால் ஒவ்வொரு கட்டத்துக்கும் 300 மில்லி விநாடி என்பதால் மொத்தம் 600 ஆகிவிடும். ஒருமுறை பார்க்க இதமாக இருக்கும், நாளைக்கு நாற்பது தடவை பார்த்தால் எரிச்சல் வரும். 2014இல் பட்டியல்களுக்காக வந்த ரீசைக்ளர்வியூவில் வரிசை அதேதான், வேகம் கூடியது: போகும் வரி மறைய 120 மில்லி விநாடி, மற்றவை நகர 250, புதியது தோன்ற 120.

அடுத்த தலைமுறைக் கருவிகள் கதையையே மாற்றின. ரியாக்ட், ஃப்ளட்டர், 2019இல் ஸ்விஃப்ட்யூஐ, 2021இல் முதல் நிலையான பதிப்பு வந்த ஜெட்பேக் கம்போஸ் எல்லாவற்றிலும் ஒரே தத்துவம். பெட்டியைக் காட்டு, மறை என்று கட்டளையிடுவதில்லை. 'இந்த நிலையில் திரை இப்படி இருக்கும்' என்று விவரித்துவிட்டால் போதும், மீதியைக் கருவி பார்த்துக்கொள்ளும். செய்தி இருந்தால் பெட்டி உண்டு, இல்லையென்றால் இல்லை. படிக்க எவ்வளவு சுத்தமாக இருக்கிறது! ஆனால் மறைவு அனிமேஷனுக்கு இதைவிடப் பெரிய எதிரி கிடையாது. நிலை மாறிய கணம் விவரிப்பில் பெட்டியே இல்லை. இல்லாததை எப்படி மங்க வைப்பது?

ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகச் சமாளித்தது. கம்போஸில் அனிமேட்டட்விசிபிலிட்டி என்ற உறைக்குள் பெட்டியை வைக்க வேண்டும். போகச் சொன்னபின்னும் அந்த உறை உள்ளடக்கத்தை விடாமல் பிடித்திருந்து, அனிமேஷன் முடிந்ததும் கலைக்கும். ஸ்விஃப்ட்யூஐ நிலை மாற்றத்தை அனிமேஷனோடு சேர்த்து அறிவித்தால் தானே பிடித்துக்கொள்ளும். ஆனால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பெட்டிகளில் மேலே இருப்பதை நீக்கினால், அது மறைந்துகொண்டிருக்கும்போதே அடுக்கின் அடியில் போய் விழுந்துவிடும். மறைவு நடந்ததே தெரியாது. அடுக்கு எண்ணை நாமே எழுதி வைத்தால்தான் சரியாகும். இதற்காக ஒரு மாலைப்பொழுதைத் தொலைக்காத ஸ்விஃப்ட்யூஐ டெவலப்பர் இருக்க மாட்டார். ரியாக்ட்டின் மையத்தில் மறைவுக்கென்று நெடுங்காலம் எதுவும் இல்லாததால் அதற்கென்றே தனி நூலகங்கள் வளர்ந்தன.

எனக்குப் பிடித்த விடை ஃப்ளட்டருடையது, கொஞ்சம் முரட்டுத்தனமாக இருந்தாலும். அதன் அனிமேஷன் பட்டியலில் ஒரு வரியை நீக்கும்போது, எத்தனாவது வரி என்று மட்டும் சொன்னால் அது ஒப்புக்கொள்ளாது. போகிற வரியை எப்படி வரைவது என்று சொல்லும் ஒரு செயல்கூறையும், அதாவது ஒரு சிறு நிரல் துண்டையும், கையில் கொடுக்கச் சொல்லும். தரவில் அது இனி இல்லை, ஆகவே அதன் கடைசி முகம் எப்படி இருந்தது என்பதை நீயே சொல்லிவிட்டுப் போ என்கிறது. புதிதாகக் கற்பவர்களுக்கு இது தேவையில்லாத தொல்லையாகத் தெரியும். ஆனால் மற்ற கருவிகள் மறைத்துவைக்கும் உண்மையை இது முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறது.

மறைத்துவைத்தால் என்ன ஆகும் என்பதற்குக் கம்போஸிலேயே உதாரணம் உண்டு. பிழைச் செய்தி ஒன்று இருந்தால் காட்டு, இல்லையென்றால் மறை என்று எழுதுகிறோம். செய்தி வரும்போது எல்லாம் சரி. செய்தி வெறுமையானதும் உறை மறைவைத் தொடங்குகிறது. உள்ளடக்கத்தைப் பிடித்து வைத்திருக்கிறது என்றேன் அல்லவா, அந்த உள்ளடக்கம் இன்னும் வரையப்படுகிறது. வரைய அது செய்தியைத் தேடுகிறது. செய்தி காலி. 'கட்டாயம் இருக்கும்' என்று உறுதியளித்து எழுதிய இடமென்றால் ஆப்பே விழுந்துவிடும். கொஞ்சம் கவனமாக எழுதியிருந்தால் எழுத்து மட்டும் சட்டென்று காணாமல் போய், காலிப் பெட்டி ஒன்று ஆறுதலாகச் சுருங்கும். கடைசியாக இருந்த செய்தியைத் தனியே நினைவில் வைத்திருப்பதுதான் வழி. ஃப்ளட்டர் கையில் கொடுக்கச் சொன்னதும் அதைத்தானே.

இனி நேரம். 2014இல் கூகுள் அறிமுகப்படுத்திய திரை வடிவமைப்பு முறையான மெட்டீரியல் டிசைனின் முதல் காலத்து வழிகாட்டுதலில், மொபைல் திரைக்குள் வரும் பொருளுக்கு 225 மில்லி விநாடி, வெளியேறும் பொருளுக்கு 195 என்று இருந்தது. வருவதைப் படிக்க வேண்டும், எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். போவதைப் பற்றிப் பயனருக்கு அவ்வளவு அக்கறை இல்லை. அவர்தானே போகச் சொன்னார். அதனால் போகிறது என்று தெரிந்தால் போதும். வேகம் மாறும் விதமும் வேறு. வருவது வேகமாக நுழைந்து மெல்ல நிற்கும். போவது மெல்லக் கிளம்பி வேகமெடுத்து வெளியேறும். இந்த வளைவுகளைப் பெசியே வளைவு என்பார்கள். ரெனோ கார் நிறுவனத்தில் காரின் உடல் வளைவுகளைக் கணினியில் வடிக்க இவற்றைப் பயன்படுத்திய பொறியாளர் பியர் பெசியேயின் பெயர் அது. காரின் உடலை வடிக்கப் பயன்பட்ட கணிதம் இப்போது நம் கையிலிருக்கும் மெனு மூடுவதற்கும் உழைக்கிறது.

அந்த வழிகாட்டுதலில் பலர் கவனிக்காமல் தாண்டிப்போன ஒன்று உண்டு. ஒரேயடியாகப் போவதற்கு ஒரு வளைவும், எந்த நேரமும் திரும்பி வரக்கூடியதற்கு இன்னொரு வளைவும் அதில் தனித்தனியே இருந்தன. பக்கவாட்டு மெனு மூடும்போது அது எங்கேயும் தொலைந்துவிடவில்லை, விளிம்புக்கு அப்பால் நின்றுகொண்டிருக்கிறது. அதனால் வேகமெடுத்துப் பாயாமல், கடைசியில் கொஞ்சம் தணிந்து நிற்க வேண்டும். நம் வீடுகளில் கிளம்பும்போது 'போறேன்' என்று சொல்ல விடமாட்டார்கள், 'போயிட்டு வர்றேன்' என்றுதான் சொல்ல வேண்டும். மெனு மூடுவது இரண்டாவது வகை, கடிதம் அழிவது முதல் வகை. பல ஆப்கள் இரண்டுக்கும் ஒரே அனிமேஷனை ஒட்டிவிடுகின்றன.

விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில் ஒரு பிரேமுக்கு, அதாவது ஒருமுறை வரையும் படத்துக்கு, கிடைப்பது 16.67 மில்லி விநாடி. 120 மில்லி விநாடி மறைவு என்றால் மொத்தமே ஏழு பிரேம்தான். இரண்டு தவறினால் கண் கண்டுபிடித்துவிடும். அதனால் எதை அசைக்கிறோம் என்பது முக்கியம். ஒளிபுகாத்தன்மையையும் இடத்தையும் மாற்றுவது மலிவு: ஏற்கெனவே வரைந்த படத்தையே கிராபிக்ஸ் சிப் மங்கலாக்கியோ நகர்த்தியோ காட்டிவிடும். உயரத்தை மாற்றுவது அப்படியல்ல. ஒவ்வொரு பிரேமிலும் சுற்றியுள்ள எல்லாவற்றையும் அளந்து அடுக்க வேண்டிவரும். அனுபவசாலிகள் இறுதி அடுக்கை ஒரே தடவை கணக்கிட்டுவிட்டு, ஒவ்வொரு வரியையும் அதன் பழைய இடத்தில் இருப்பதுபோல் காட்டி, அங்கிருந்து புதிய இடத்துக்கு வழுக்கிவிடுவார்கள். ஐஓஎஸில் கூடுதலாக ஒரு வசதி: தொடங்கிய அனிமேஷனைத் தனியான ஒரு செயல்முறை ஓட்டுவதால், ஆப் வேறு வேலையில் சிக்கிக்கொண்டாலும் அசைவு நிற்காது. ஆண்ட்ராய்டு 2012இல் 4.1 பதிப்பில் பிரேம் ஒழுங்கைச் சீர்செய்தது, 2014இல் 5.0இல் வரைவதற்குத் தனி இழையை, அதாவது மற்ற வேலைகளோடு இணையாக ஓடும் ஒரு தடத்தை, கொண்டுவந்தது.

அசைவே வேண்டாம் என்பவர்களும் இருக்கிறார்கள், அதற்கு நியாயமான காரணத்தோடு. 2013இல் ஐஓஎஸ் 7 ஆப் திறக்கும்போதும் மூடும்போதும் திரை முழுவதையும் உள்ளே இழுத்து வெளியே தள்ளியது. சிலருக்குத் தலைசுற்றலும் குமட்டலும் வந்தன. அந்த ஆண்டு அக்டோபரில் வந்த 7.0.3இல், அசைவைக் குறைக்கும் அமைப்பைப் போட்டால் அந்தப் பாய்ச்சலுக்குப் பதில் ஒரு காட்சி மங்கி இன்னொன்று தெளியும்படி மாற்றினார்கள். அனிமேஷனை முற்றிலும் தூக்கிவிடவில்லை என்பதைக் கவனியுங்கள்; எது எங்கே போனது என்று தெரிய ஏதோ ஒரு தொடர்ச்சி வேண்டியிருக்கிறது. திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் திரைவாசிப்பானைப் பயன்படுத்துபவர்கள் இந்தப் பேச்சில் இன்னும் பின்தங்கிவிடுகிறார்கள். அவர்கள் கவனம் நின்றிருந்த பட்டனே மறைந்துபோனால், கவனம் அடுத்து எங்கே போக வேண்டும் என்று யாராவது முடிவு செய்திருக்க வேண்டும். பல ஆப்களில் அப்படி யாரும் முடிவு செய்ததில்லை. குரல் திரையின் உச்சிக்குப் போய் முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

ஆவியின் கதையைத் தலைகீழாக்கும் ஓர் இடமும் உண்டு. கடிதத்தை அழித்ததும் திரையின் அடியில் ஒரு சிறு பட்டை எழும்பி, அழித்துவிட்டோம், வேண்டுமானால் மீட்கலாம் என்று சொல்லுமே, அங்கே. ஆண்ட்ராய்டில் அந்தப் பட்டையின் நீண்ட நேர அளவு 2.75 விநாடி. பல ஆப்கள் அதுவரை கடிதத்தை உண்மையில் அழிப்பதில்லை. வரி திரையிலிருந்து அழகாகப் போய்விட்டது, மற்றவை மேலேறிவிட்டன. தரவில் மட்டும் அது பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. பட்டை மறைந்தபின்தான் அழிப்பு நடக்கும். அந்த 2.75 விநாடிக்குள் ஆப்பை மேலே தள்ளி மூடிவிட்டீர்கள் என்றால், அடுத்த முறை திறக்கும்போது அழித்த கடிதம் பழைய இடத்திலேயே இருப்பதைச் சில ஆப்களில் பார்க்கலாம்.